டிஜிட்டல் வீடியோவை விஎச்எஸ் கேசட்டில் பதிவது எப்படி?

போனில் எடுத்த வீடியோவையோ, கணினியில் எடிட் செய்த குறும்படத்தையோ பழைய வீடியோ கேசட்டில் ஏற்ற வேண்டும் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். 1990களில் நடக்கும் கதையை எடுப்பவருக்கு, காட்சியில் இருக்கும் டிவியில் நிஜமான டேப் படம் ஓட வேண்டும். பாட்டு வீடியோ செய்பவருக்கு அந்த மங்கலும் நிறக் கசிவும் வேண்டும். வீட்டில் இன்னும் நன்றாக ஓடும் டெக்கில் (கேசட்டைப் போட்டு ஓட்டும் விசிஆர் இயந்திரம்) பேரக்குழந்தையின் வீடியோவைப் போட்டுப் பார்க்க ஆசைப்படும் பெரியவர்களும் உண்டு. டேப் மாதிரியே காட்டும் ஃபில்டர்கள் கணினியில் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒருமுறை உண்மையாகவே டேப்பில் பதிந்து எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் ஃபில்டருக்குத் திரும்ப மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் ஒயர் மாட்டுவது சின்ன வேலை. புதியவர்களின் பதிவு கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்பே, படத்தைத் தயார் செய்யும் இடத்தில்தான். டேப் தாங்கும் விவரம் மிகக் குறைவு. அந்த அளவுக்குள் படத்தை அடக்கிக் கொடுத்தால் கேசட் அழகாகத் திருப்பித் தரும். அடக்காமல் கொடுத்தால் எவ்வளவு நல்ல டெக் இருந்தாலும் பயனில்லை. அதனால் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேப்பில் எவ்வளவு அடங்கும்?

ஜேவிசி நிறுவனம் 1976இல் ஜப்பானில் விஎச்எஸ் என்ற வீடியோ கேசட் முறையை அறிமுகப்படுத்தியது. அரை அங்குல அகல டேப், 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம்மைச் சுற்றிச் சாய்வாக ஓடும். டிரம்மில் பதித்த ஹெட்கள், அதாவது டேப்பில் எழுதும் காந்த முனைகள், நிமிடத்துக்கு 1500 அல்லது 1800 முறை சுழன்று, டேப்பில் சாய்வான கோடுகளாகப் படத்தை எழுதும். இப்படி எழுதும்போது கறுப்பு வெள்ளை விவரம், கிடைமட்டமாக ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்குத்தான் மிஞ்சும். நிறத்தின் கதி இன்னும் மோசம். அதன் அலைவரிசையை ஏறக்குறைய 630 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, கறுப்பு வெள்ளைக்கு அடியில் இருக்கும் குறுகிய இடத்தில் திணிக்கிறார்கள். அதனால்தான் சிவப்புச் சட்டை போட்டவரின் சிவப்பு, சட்டையைத் தாண்டி வெளியே வழிகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பல யோசனைகள் தானாகவே புரிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்?

முதலில் டெக். அது பதிவு செய்யும் டெக்தானா என்று பாருங்கள். ஓட்ட மட்டுமே தெரிந்த விசிபி இயந்திரங்களும் விற்பனைக்கு வருகின்றன. ரெக்கார்ட் பட்டனும், வெளியிலிருந்து படத்தை உள்ளே வாங்கும் மஞ்சள் நிற ஏவி இன் துளையும் இருக்க வேண்டும். கடைசி வரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே இனி கிடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதுதான். வாங்கும் முன் கேசட் உள்ளே போகிறதா, ஓடுகிறதா, முன்னும் பின்னும் வேகமாகச் சுற்றுகிறதா, டேப் சிக்காமல் வெளியே வருகிறதா என்று நான்கையும் சோதியுங்கள். கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற கேசட்டை மட்டும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். ஹை-ஃபை என்று எழுதியிருக்கும் டெக் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒலி விஷயத்தில் அது வேறு தரம்.

அப்புறம் கேசட். பிரிக்காத பழைய சரக்கு கிடைத்தால் நல்லது. பயன்படுத்திய கேசட்டும் போதும், ஆனால் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை டெக்குக்குள் விடவே கூடாது. ஹெட்டை அடைப்பதோடு நிற்காது, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும், பழைய கேசட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்காமல் அதன் மேல் பதியாதீர்கள். சினிமா என்று எழுதிய கேசட்டின் கடைசி இருபது நிமிடத்தில் யாரோ ஒருவரின் கல்யாணமோ, இன்று இல்லாத ஒருவரின் குரலோ இருக்கலாம். உலகத்தில் அதற்கு வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். மேலே பதிந்துவிட்டால் மீட்க வழியே இல்லை. அப்படி ஏதாவது கிடைத்தால் அந்தக் கேசட்டை ஒதுக்கி வைத்து, முடிந்தால் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

கேசட்டின் முதுகுப்புறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது உடைந்திருந்தால் டெக் பதிய மறுக்கும். அந்த ஓட்டையின் மேல் ஒட்டும் டேப்பை இழுத்து ஒட்டினால் மறுபடி பதியலாம். இ-240, டி-160 போன்ற நீளமான கேசட்டுகளில் டேப் மெல்லியது, எளிதில் சுருங்கிச் சிக்கும். இ-180, டி-120 ஆகியவையே பாதுகாப்பு.

மூன்றாவது, டிஜிட்டல் படத்தை டெக்குக்குப் புரியும் அனலாக் சிக்னலாக மாற்றும் ஒரு கருவி. இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் உள்ள டிவிடி பிளேயர் வீட்டில் இருந்தால் அதுதான் ஆகச் சிறந்தது. வீடியோவை டிவிடியாக எரித்துப் போட்டு ஓட்டினால் அளவு, வேகம், நிறம் எல்லாம் டெக் எதிர்பார்க்கும்படியே வெளியே வரும். பென் டிரைவ் செருகும் வசதி பிளேயரில் இருந்தாலும், பழைய பிளேயர்கள் பல இன்றைய எம்பி4 கோப்புகளைப் படிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

டிவிடி பிளேயர் இல்லையென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சின்னப் பெட்டி. வாங்கும்போது திசையைப் பாருங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு உதவாது. மூன்றாவது வழி ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போர்டு. அதன் பி பிளஸ் மாடல் முதல் 4 வரை உள்ள பெரிய போர்டுகளில் 3.5 மில்லிமீட்டர் துளையிலேயே ஏவி சிக்னல் வரும். அதற்கான கேபிளில் எந்த வளையத்தில் வீடியோ, எந்த வளையத்தில் எர்த் என்பது கேபிளுக்குக் கேபிள் மாறும். தவறான கேபிளை மாட்டினால் படம் வராது.

கடைசியாக ஒரு டிவி. டெக்கின் வழியாகப் படம் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் பதியக் கூடாது.

பிஏஎல்லா, என்டிஎஸ்சியா?

இவை இரண்டும் டிவி சிக்னல் முறைகள். டெக்கின் பின்புற லேபிளைப் படியுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் விற்ற டெக்குகள் பிஏஎல். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி. பிஏஎல் என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், 576 வரிகள். என்டிஎஸ்சி என்றால் நொடிக்கு 29.97 ஃபிரேம், 480 வரிகள். மாற்றுப் பெட்டியிலும் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். டெக்கும் பெட்டியும் ஒரே முறையில் இருக்க வேண்டும். இது பொருந்தாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது மேலும் கீழும் உருளும்.

கேசட்டின் நேரமும் இதைப் பொறுத்து மாறும். இ-180 கேசட் பிஏஎல் டெக்கில் 3 மணி நேரம் ஓடும். அதே கேசட் என்டிஎஸ்சி டெக்கில் 2 மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

படத்தைத் தயார் செய்வது

டேப் படம் 4:3 வடிவம். இன்றைய வீடியோ 16:9. இந்த இரண்டையும் எப்படிச் சமாளிக்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் உள்ளே வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் வரிகளில் கால்வாசி கறுப்புக்குப் போய்விடும். என் விருப்பம், இரண்டு பக்கமும் வெட்டி 4:3 ஆக்குவது. ஷாட் ஷாட்டாகப் பார்த்து, முக்கியமான ஆள் நடுவில் வருமாறு நகர்த்தி வெட்ட வேண்டும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் பார்ப்பவருக்கு இது அந்தக் காலத்திலேயே எடுத்த படம் என்று தோன்றுவது இந்த வேலையால்தான். இனிமேல்தான் படம் எடுக்கப்போகிறீர்கள் என்றால், எடுக்கும்போதே 4:3ஐ மனதில் வைத்து நடுவில் எடுங்கள்.

டிவிடி வழியில் போகிறவர்கள் பிஏஎல்லுக்கு 720×576, என்டிஎஸ்சிக்கு 720×480 என்று 4:3 குறியோடு கோப்பை எடுக்கலாம். பிளேயரின் அமைப்பில் டிவி வடிவத்தை 4:3 என்று வைத்துவிட்டால் முடிந்தது.

எச்டிஎம்ஐ பெட்டி வழியில் போகிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. விலை குறைந்த பெட்டிகள் பலவும் 16:9 படத்தை அப்படியே இரண்டு பக்கமும் நெருக்கி 4:3க்குள் அடைத்துவிடும். டிவியில் எல்லாரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்கள். இதைச் சமாளிக்க, வெட்டி எடுத்த 4:3 படத்தை எடிட்டிங்கிலேயே வேண்டுமென்றே அகலமாக இழுத்து, 1280×720 முழுவதையும் நிரப்புமாறு கோப்பாக எடுங்கள். கணினியில் பார்க்கும்போது எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். பெட்டி அதை நெருக்கும்போது சரியான வடிவத்துக்கு வந்துவிடும். உங்கள் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வட்டத்தை வரைந்து அனுப்பிப் பாருங்கள். டிவியில் அது வட்டமாகவே தெரிய வேண்டும்.

அடுத்தது ஓரம். பழைய டிவிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் கொஞ்சம் மறைத்துவிடும். எழுத்துகள் எல்லாம் படத்தின் நடு 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எழுத்தின் அளவும் கணினியில் பார்க்கும்போது கொஞ்சம் மிகை என்று தோன்றும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளியும் மெல்லிய எழுத்துருவில் கரைந்தே போகும். தடித்த எழுத்துரு, வெளிர் நிற எழுத்து, அதைச் சுற்றி இருண்ட கரை என்று வைத்தால் படிக்க முடியும். ஒற்றை வரிப் பருமனுள்ள கிடைக்கோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். படம் ஒன்றுவிட்ட வரிகளாக மாறி மாறிக் காட்டப்படுவதால் அந்தக் கோடு விடாமல் நடுங்கும்.

நிறத்தைக் குறையுங்கள். போன் கேமராக்கள் கண்ணைப் பறிக்கும் நிறம் தருகின்றன, டேப்புக்கு அது ஆகாது. முழுப் படத்துக்கும் நிறச் செறிவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஆரம்பித்துப் பாருங்கள். சிவப்பை மட்டும் இன்னும் கொஞ்சம் அடக்குங்கள். வெளிச்சத்தில் இரண்டு முனைகளும் ஆபத்தானவை. பளீர் வெள்ளை சிதறும், இருட்டில் புள்ளி இரைச்சல் மொய்க்கும். வானத்தின் வெள்ளையைச் சற்று இறக்கி, நிழலைச் சற்று ஏற்றினால் டேப்பில் இரண்டுமே நிற்கும். கூர்மைப்படுத்தும் கருவி பக்கமே போக வேண்டாம். டெக் தானே ஓரங்களைக் கூர்மையாக்கும். நீங்களும் ஆக்கினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

ஃபிரேம் வேகத்தில் ஒரு எச்சரிக்கை. பல போன்களில் வழக்கமான அமைப்பு நொடிக்கு 30 ஃபிரேம். அதை பிஏஎல் டெக்குக்கு அனுப்பினால் அசைவு தத்தித் தத்திப் போகும். பிஏஎல்லுக்கு என்றே எடுப்பவர்கள் 25 அல்லது 50 ஃபிரேமில் எடுப்பது நல்லது. கையில் இருப்பது 30 ஃபிரேம் வீடியோ மட்டும்தான் என்றால் எடிட்டிங் மென்பொருளில் 25க்கு மாற்றி, மனிதர்கள் நடக்கும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள்.

ஒலி எளிது. ஹை-ஃபை இல்லாத டெக்கில் ஒலி, டேப்பின் ஓரத்தில் ஓடும் ஒரு ஒடுங்கிய தடத்தில் பதியும். மெல்லிய பேச்சு அதன் இரைச்சலில் மூழ்கிவிடும். கம்ப்ரஸர் போட்டுச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்து, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு பக்கம் மட்டும் பேச்சு இருந்தால் மோனோவாக்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வீடியோவின் முன்னால் 30 நொடி கறுப்பும், பின்னால் ஒரு நிமிடக் கறுப்பும் சேருங்கள். பட்டன் அழுத்தும் பதற்றம் எதுவும் படத்தில் பதியாது.

இணைப்பு

பிளேயர் அல்லது பெட்டியின் ஏவி அவுட்டிலிருந்து டெக்கின் ஏவி இன்னுக்கு, மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில், சிவப்பைச் சிவப்பில் மாட்டுங்கள். மோனோ டெக்கில் சிவப்புத் துளை இருக்காது. வெள்ளையை மட்டும் மாட்டினால் போதும், ஒலியை மோனோவாக்கச் சொன்னது இதற்காகவும்தான். டெக்கின் ஏவி அவுட்டிலிருந்து டிவிக்கு இன்னொரு கேபிள். ஐரோப்பிய டெக்கில் 21 முனைகளுள்ள ஸ்கார்ட் துளை மட்டும் இருந்தால், இன், அவுட் என்று மாற்றும் சுவிட்ச் உள்ள அடாப்டர் வாங்கி, சுவிட்சை இன் பக்கம் தள்ளுங்கள்.

மடிக்கணினியை எச்டிஎம்ஐ வழியாக இணைப்பவர்கள், திரையை நகலெடுக்காமல் இரண்டாவது திரையாக நீட்டி, வீடியோவை அங்கே முழுத்திரையில் ஓட்டுங்கள். புதுப்பிப்பு வேகத்தை பிஏஎல்லுக்கு 50, என்டிஎஸ்சிக்கு 60 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அறிவிப்புகள், ஸ்கிரீன் சேவர், தானாக உறங்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போனிலிருந்து நேராக அனுப்ப நினைப்பவர்கள், டைப்-சி துளை இருக்கும் எல்லாப் போன்களிலும் வீடியோ வெளியே வராது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவு

டேப்புக்கு வேகமாக நகலெடுப்பது என்ற ஒன்று கிடையாது. ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவசரம் இல்லாத ஒரு பொழுதை ஒதுக்குங்கள்.

1. குளிர்ந்த இடத்தில் இருந்த கேசட்டைச் சில மணி நேரம் அறையிலேயே வைத்திருங்கள். ஈரம் படிந்த டேப் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்.
2. கேசட்டைக் கடைசி வரை வேகமாகச் சுற்றி, மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த சுருள் இதனால் சீராகும்.
3. தொடக்கத்திலிருந்து அரை நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். அதிகம் தேய்ந்திருப்பது அந்த முனைதான்.
4. வேகத்தை எஸ்பியில், அதாவது டெக்கின் வழக்கமான வேகத்தில் வையுங்கள். முன்பு பயன்படுத்தியவர் எல்பி, ஈபி என்ற மெதுவான வேகங்களில் விட்டிருக்கலாம். மெதுவான வேகத்தில் நேரம் கூடும், படமும் ஒலியும் கெடும்.
5. ரிமோட்டில் இன்புட் பட்டனை அழுத்தி எல்1, ஏவி1, ஏவி2 என்று மாற்றிப் பாருங்கள். பட்டனே இல்லாத டெக்கில் சேனலை ஒன்றுக்கும் கீழே இறக்கினால் பெரும்பாலும் அது வரும். டிவியில் உங்கள் வீடியோ தெரிய வேண்டும்.
6. இரண்டு நிமிடம் மட்டும் பதிந்து, திரும்ப ஓட்டிப் பாருங்கள். மிகப் பளிச்சென்ற காட்சி ஒன்றையும் இருட்டான காட்சி ஒன்றையும் இந்தச் சோதனையில் சேருங்கள்.
7. சரி என்றால் முதலில் டெக்கில் ரெக்கார்ட், ஐந்து நொடி கழித்து வீடியோவில் பிளே.

ஒரே கேசட்டில் பல வீடியோக்கள் வேண்டுமென்றால் அவற்றை எடிட்டிங்கிலேயே ஒன்றாகச் சேர்த்து ஒரே ஓட்டமாகப் பதியுங்கள். நிறுத்தி நிறுத்திப் பதிந்தால் பல டெக்குகளில் ஒவ்வொரு இணைப்பிலும் வானவில் போன்ற கீறல் சில நொடிகள் வரும்.

சரியாக வரவில்லை என்றால்

படம் மெதுவாகப் பிரகாசமாகி மறுபடி இருண்டு, அப்படியே மாறிக்கொண்டிருந்தால் அது நகல் தடுப்பு. கடையில் விற்கும் டிவிடி படங்களில் இந்தச் சிக்னலைச் சேர்த்திருப்பார்கள். எச்டிஎம்ஐ வழியில் பணம் கட்டிப் பார்க்கும் தளங்களின் படங்கள் வெறும் கறுப்பாக வரலாம். நீங்கள் எடுத்த வீடியோவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஒலியில் தொடர்ந்து ரீங்காரம் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். படம் பதிகிறது, ஆனால் திரும்ப ஓட்டினால் முழுவதும் புள்ளி மழையாக இருக்கிறது என்றால் ஹெட் அழுக்கு. டெக்கைத் திறந்து பழக்கம் உள்ளவர்கள், மின்சாரத்தைத் துண்டித்து, நூல் விடாத துணியில் ஐசோபிரோபைல் ஆல்கஹால் தொட்டு டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுழற்றித் துடைக்கலாம். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், பஞ்சுக் குச்சியும் கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

திரும்ப ஓட்டும்போது படத்தின் கீழ் ஓரத்தில் சில வரிகள் கலைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. எல்லா விஎச்எஸ் பதிவிலும் இருக்கும், பழைய டிவியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

பதிந்த பிறகு

வேறொரு டெக்கில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் பதிந்த டெக்கின் டேப் பாதை லேசாகக் கோணியிருந்தால், அதிலேயே பார்க்கும்போது தெரியாது, மற்றவர் வீட்டு டெக்கில்தான் கீறல் விழும். ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங் பட்டனைத் திருகியும் சரியாகாவிட்டால் வேறு டெக்கில் மறுபடி பதிவதுதான் வழி. யாருக்காவது கொடுக்கப்போகும் கேசட் என்றால் இந்தச் சோதனையை விடவே விடாதீர்கள்.

எல்லாம் சரி என்றால், ஓட்டையை மூட ஒட்டிய டேப்பைப் பிரித்துவிடுங்கள், புதுக் கேசட் என்றால் அந்தத் தகட்டை உடைத்துவிடுங்கள். இனி யாரும் தெரியாமல் மேலே பதிய முடியாது. லேபிளில் தேதி, பிஏஎல்லா என்டிஎஸ்சியா, எஸ்பியா எல்பியா என்பதையும் எழுதுங்கள். முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஸ்பீக்கர்களிலிருந்து தள்ளி வையுங்கள். டிஜிட்டல் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். டேப் ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேயும், அடுத்த பிரதியை அந்தக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.